வேலி இல்லாத காடு

அறுபதுகளில் ஒருநாள், பறவைகளுக்காக அரசாங்கம் காவற்காடாக்கியிருந்த கொக்கிளாய்க் கடலேரிக் கரைக் கண்டல் காட்டைப் பார்க்கத் தோணியில் போனோம். என் கணவர் வேலிக்குப் பேர்போன யாழ்ப்பாணத்து ஆள். பரந்தனில் வயல் கிடைத்ததும் வீடு கட்டுமுன்னமே வேலி அடைத்தவர். நான் நாரைகளைப் பார்த்தேன். அவர் வேலிக்கு நடும் கதியால் தடிகளைத் தேடினார்.

"காவல் எண்டு சொல்லினம், வேலியைக் காணேல்லையே?"

"சேறு இருக்குது ஐயா," என்றார் தோணிக்காரர்.

"சேறும் ஒரு வேலியோ?" என்று இறங்கியவர் முழங்கால்வரை புதைந்தார். நானும் தோணிக்காரரும் இழுத்ததில் ஆள் வந்தார்; ஒரு செருப்பு வரவில்லை. எனக்குச் சிரித்தே வயிறு நொந்தது.

திரும்பும் பஸ்ஸில், தன் காலைப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒற்றைச் செருப்போடு பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்:

"வேலி எண்டால் அதெல்லோ வேலி!"