மாயா மண்ணில் மரவள்ளிக் கிழங்கு

பழைய மண்ணை நுண்ணோக்கியில் பார்த்து, செத்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்வது என் தொழில் என்றால் எந்தப் பெண் வீட்டாரும் எழுந்து போய்விடுவார்கள். நல்ல வேளை, எனக்குக் கல்யாணம் முந்திவிட்டது. தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மத்திய அமெரிக்காவின் பழங்குடியான மாயா மக்களின் பயிர்களை ஆராய்ந்த மாணவன் நான். ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, கேளுங்கள்.

மண்ணுக்கும் விசா

மத்திய அமெரிக்காவிலிருந்து ஒரு மாயா வீட்டின் அடுப்படி மண் சின்னப் பைகளில் வந்தது. செருப்பில் ஒட்டிய மண்ணையே விசாரிக்கிற நாடு இது. விமான நிலைய அதிகாரி அனுமதிக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். உள்ளே உயிருள்ளது ஏதும் உண்டா என்றார். எல்லாரும் செத்து ஆயிரம் வருடம் என்றேன். பையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"எதனால் செத்தார்கள்?"

பக்கத்து வீட்டுச் சந்தேகம்

ஆக்லாந்தில் நாங்கள் குடியிருந்த லின்ஃபீல்டில் பக்கத்து வீட்டுக்காரர் மலேசியத் தமிழர். ஒவ்வொரு பயிரின் மாவுத் துகளுக்கும், அதாவது மாவுமணிக்கும், நுண்ணோக்கியில் தனி வடிவம் உண்டு, அதை வைத்துப் பயிரைக் கண்டுபிடிக்கலாம் என்று அவருக்கு விளக்கினேன். மாயா மக்கள் மரவள்ளியும் நட்டார்களா என்பதே என் கேள்வி. ஆறு மாதத்தில் பதில் இல்லையென்றால் உதவித்தொகை போய்விடும், பின்னாலேயே விசாவும்.

"அவங்க சோளம் சாப்பிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்லா. இதுக்கா தம்பி ஸ்காலர்ஷிப்பு?"

கிடைத்தது

ஐந்தாம் மாதம், மண்ணில் மரவள்ளி மாவுமணிகள்! என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியை என்னைக் கட்டிப்பிடித்தார். வெளியிலிருந்து மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, மண் வைக்காத வெறும் கண்ணாடித் தகட்டையும் கூடவே சோதிப்பதுதான் முறை. அவசரத்தில் அதை விட்டிருந்தேன். மத்தியானம் சோதித்தேன். அதிலும் மரவள்ளி! அப்படியானால் மண்ணில் கண்டதும் மாயா மக்களுடையது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். டோங்காத் தீவுக்காரர் கடையில் வாங்கிய மரவள்ளிக் கிழங்கை உரித்து வெட்டுவது காலையில் என் பொறுப்பு. அவள் என் கம்பளிச் சட்டையின் கையைப் பிடித்து உதறினாள். வெள்ளையாக மாவு பறந்தது.

"ஓம், மாயாக்காரர்தான். காலமை கிழங்கு உரிச்ச சட்டையோடதானே போனீங்கள்?"

ஒப்புதல்

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. எனக்கு அது முடியவில்லை. மறுநாள் சட்டையைப் பையில் போட்டு எடுத்துப்போய்ப் பேராசிரியையின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். விசா முடிந்தது என்றே நினைத்தேன். அவர் சட்டையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"மாயா மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நிரூபிக்கவில்லை. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட்டீர்கள். ஆய்வுகூடத்தில் மாவு எப்படிக் கலக்கிறது என்று அதையே எழுதுங்கள்."

எழுதினேன், பட்டமும் வந்தது, விசாவும் நீண்டது: மாயா மக்கள் மரவள்ளியால் வாழ்ந்தார்களோ இல்லையோ, நான் வாழ்ந்தேன்.