அலிபிரி அடிவாரத்தில் என் ஈரலுக்குக் கிடைத்த பதில்

டாக்டரிடம் மூன்று முறை பொய் சொன்னேன். படிக்காதவன் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். நான் சித்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். மருத்துவப் புத்தகங்களுக்கு எண் ஒட்டி அடுக்குபவன். அதில் ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருந்தால் இந்தச் சாட்சியே தேவைப்பட்டிருக்காது.

போன சித்திரையில் குடலில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து ஆனியில் திருப்பதியில் கீமோ ஆரம்பம். மொத்தம் எட்டு. மூன்றாவது முடிந்ததும் ரத்தப் பரிசோதனையில் ஈரல் முரண்டு பிடித்தது; அதன் எண்கள் ஏறியிருந்தன. "கீமோவால் இப்படி வரும். கொஞ்சம் தள்ளிப் போடுவோம், தானாக இறங்கும்" என்றார் டாக்டரம்மா. நான் சும்மா இருந்திருக்கலாம்.

என் மனைவியின் தம்பி பாலசமுத்திரத்திலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தான்.

"மாமா, எங்கூரு பச்சிலை. வெறும் வயித்துல மோர்ல கலந்து குடி. யாராண்டயும் மூச்சு விடாத. சொன்னா பலிக்காது. அக்காவாண்ட கூட!"

எங்கள் பக்கத்தில் காமாலை மருந்துக்கு அதுதான் சட்டம். பாட்டிலை அகராதிக்குப் பின்னால் ஒளித்தேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஈரல் இறங்கவில்லை. ஏறியது. கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றைக் கண்டாலே குமட்டல். ஒவ்வொரு முறை போனபோதும், "நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். மூன்று முறையும் "லேது மேடம்" என்று தலையாட்டினேன். மூன்றாம் முறை அவர் பேனாவை மூடிவைத்தார். "ஈரல் இறங்காமல் கீமோ கொடுக்க முடியாது. நோய் நமக்காகக் காத்திருக்காது."

அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. வெளியே வந்ததும், தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்று மனைவி அலிபிரிக்கு அழைத்துப் போனாள். மலையேறும் கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு போனது. நான் கற்பூரத்துக்கு முன்னால் நின்று திட்டினேன். வேறு வார்த்தை இல்லை, திட்டினேன். நேர்ந்துகொண்ட முடியைக்கூட கீமோவே வாரிக்கொண்டு போய்விட்டது, இனி என்னிடம் என்ன இருக்கிறதென்று இப்படிப் பழிவாங்குகிறாய் என்றேன். குணமாக்கு என்று கேட்கவில்லை. அவ்வளவு கோபம். "என் ஈரலை எது தின்கிறதென்றாவது சொல்லித் தொலை!" என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன்.

செல்போன் அடித்தது. கண்ணீரில் திரை தெரியாமல் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

"மாமா, பாட்டில் தீந்துட்டிருக்குமே? இந்த வாட்டி டபுளா அரைக்கச் சொல்லியிருக்கேன்!"

"இன்னா பாட்டிலு?" என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் கையிலிருந்த தேங்காய் என் மண்டைக்கு வராதது முதல் அற்புதம்.

"நீங்க வாந்தி எடுக்கறப்பல்லாம் தலைய புடிச்சிக்கினு நின்னனே. அப்பகூட வாயத் தொறக்கத் தோணலியா?"

வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். டாக்டரம்மா திட்டவே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. "இப்போதாவது சொன்னீர்களே" என்றார். கீமோ லேசாகக் கீறியதைப் பச்சிலை பிளந்திருக்கிறது. அன்றோடு நிறுத்தினேன். மூன்று வாரத்தில் ஈரல் இறங்கியது. கீமோ தொடர்ந்தது. மாசியில் எட்டும் முடிந்தது.

கோபம் மட்டும் முடியவில்லை. சொன்னால் பலிக்காதாம்! சொல்லாமல் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ, அவர்கள் வந்து சாட்சி சொல்லவா போகிறார்கள்? எல்லாவற்றையும்விட என் மீதுதான் கோபம். இப்போது குடித்த மிளகு ரசம்வரை டாக்டரம்மாவிடம் ஒப்பிக்கிறேன். போதும் என்று கும்பிடுகிறார்.

அடியவர்களே, ஏழுமலையான் வசவையும் வேண்டுதலாகவே எடுத்துக்கொள்கிறான். கேட்ட நிமிடமே பதில் சொன்னான், அதுவும் என் மச்சான் வாயால். அவனிடம் தைரியமாகக் கேளுங்கள். அவன் கைவிடமாட்டான். ஆனால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பங்குனியில் எங்கள் தெரு பஜனையில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ரொம்ப நல்லா சொன்னீங்க சார். எங்க மாமனாருக்குக் காமாலை. அந்தப் பச்சிலை குடுக்கறவரு நம்பரு கொஞ்சம் வாங்கிக் குடுங்களேன்."