திருத்தணிக்குத் தவிட்டோடு ஒரு பயணம்

கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள், மகளுக்கு மொட்டை போடத் திருத்தணிக்குக் கிளம்பினோம். நான், மனைவி கோகிலா, இரண்டு வயது மகள். சென்ட்ரலில் காலை மின்சார ரயிலில் ஏறினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த மாமனார், திருத்தணி ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் பையோடு நின்றிருந்தார்.

கோகிலாவுக்கு முடக்குவாதம். முப்பத்து மூன்று வயதிலேயே விரல் மடங்காது, படியேற முடியாது. அதனால் மலை உச்சிவரை ஆட்டோ. வாடகையைப் பேசிவிட்டு ஏறுங்கள்.

மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் மாமனார் பையைத் திறந்தார். உள்ளே தவிடு!

"பாப்பாவுக்குச் சளி விடவே மாட்டேங்குதேம்மா. உனக்குச் செஞ்ச மாதிரியே சாமிக்குக் குடுத்துட்டு, தவிட்டக் குடுத்து வாங்கிக்கலாம்."

கோகிலாவுக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் அவளை முருகனுக்குக் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். அதோடு விட்டிருக்கலாம். 'தவிட்டுக்கு வாங்கின பொண்ணு' என்று வீடே கேலி செய்தது. அடம்பிடித்தால், சாமியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றது.

"வேணாம் நைனா. ஒவ்வொரு கிருத்திகைக்கும் என்ன இங்கயே விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிகினே கெடப்பேன்."

"வெளாட்டுக்குச் சொன்னதும்மா! அத நம்பிகினா இருந்த?"

"ஆங். வயசுக்கு வர்ற வரைக்கும்."

மாமனார் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சமீபத்தில் டாக்டர் கோகிலாவின் சிறுவயதைப் பற்றி விசாரித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூட்டுவலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஓயாத பயத்தில் வளரும் குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தி நிதானம் தவறலாம், பிற்பாடு அது சொந்த உடம்பையே தாக்க அதுவும் ஒரு காரணமாகலாம் என்றார். அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். இதை நாங்கள் மாமனாரிடம் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆட்டோவுக்குத் திரும்பும் வழியில் மகள் பொம்மைக் கடை முன் புரண்டு அழுதாள். "இப்டி அழுதா உன்ன..." என்று ஆரம்பித்த மாமனார், வாயை மூடிக்கொண்டு அவளைத் தூக்கிக்கொண்டார்.

மொட்டை போடப் போகிறவர்கள் குழந்தைக்குப் பருத்தித் தொப்பி எடுத்துப் போங்கள், தரை சுடுவதற்குள் இறங்கிவிடுங்கள். தவிடு கொடுத்து வாங்கும் வேண்டுதல் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். அதைக் குழந்தையிடம் சொல்லிச் சிரிக்க மட்டும் வேண்டாம்.

ரயில் கிளம்பும் நேரத்தில் மாமனார் ஜன்னல் வழியாகக் கோகிலாவின் வீங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"உன்ன யாருக்கும் குடுத்திருக்க மாட்டோம்மா."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே நைனா" என்றாள் கோகிலா.