மூன்றாங்கட்டை வளைவில் கட்டிய சிவப்புச் சேலை

மாணிக்கண்ணன் போய்விட்டார்.

நம் எஸ்டேட் தபால் மாணிக்கம்தான்... நேற்று காலை, டவுன் ரோட்டின் மூன்றாம் மைலில், மூன்றாங்கட்டை வளைவில் லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வழக்கமாகப் படிப்பகத்தின் இந்தப் பலகையில் நான் புட்பால் ரிசல்ட்தான் ஒட்டுவேன். தினமும் வந்து நின்று படிக்கிற நீங்கள் எல்லாரும் அவருக்கும் சிநேகிதர்கள், அதனால் இன்றைக்கு இது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வருஷம் ஒரே ஆபீஸ். நான் கிராணி, கணக்கு எழுதுகிறவன். அவர் தினம் காலையில் சைக்கிளில் குளுவாங் டவுனுக்குப் போய் எஸ்டேட்டின் கடிதப் பையை எடுத்து வருவார்.

அந்த வளைவு வந்துவிட்டால் சைக்கிள் மணியிலிருந்து விரலை எடுக்கவே மாட்டார். ரோட்டில் ஈ காக்காய் இருக்காது, மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும்.

"யாருக்கண்ணே அடிக்கிறீங்க, லாலாங் புல்லுக்கா?" என்று கேலி செய்வேன்.

"வர்றவனுக்கு, கிராணியாரே. எதிர்ல வர்றவன் கண்ணுக்குத் தெரியலியே, அதான் அடிக்கிறேன்" என்பார்.

பால் விற்கிற பாப்பாத்தி லாரியில் அடிபட்டுச் செத்ததும் அங்கேதான். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர் அவர்... அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு அதே பேச்சு. நம் பிள்ளைகள் ஸ்கூலுக்கு நடக்கிற ரோடு. ஒரு எச்சரிக்கை போர்டு வேண்டும், ஆள் உயரம் நிற்கிற புல்லை வெட்ட வேண்டும், ஓரமாக நடக்க ஒரு பாதை வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

டவுன் ரோடு ஆபீசுக்குப் பெட்டிஷனை நான் இங்கிலீஷில் எழுதினேன். கைநாட்டு வாங்க அவர் லயம் லயமாக, வீடு வீடாகப் போனார், ஒரு தகரத்தில் மண்ணெண்ணெயும் ஒரு துணியும் எடுத்துக்கொண்டு. ரப்பர் பால் காய்ந்து ஒட்டிய விரலில் ரேகை விழாதே... ஒவ்வொருவர் கட்டைவிரலையும் அவரே துடைத்துவிட்டு மையில் வைத்தார்.

"இதுல விரல வச்சா இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்களா தபாலு?" என்று ஒரு கிழவி விரலை மடக்கிக்கொண்டாள்.

"ரோட்டுக்கு போர்டு கேக்குறோம் ஆத்தா, கப்பலுக்கு டிக்கெட் கேக்கல லா."

அந்த லயமே சிரித்தது. கிழவியும் கைநாட்டு வைத்தாள்.

மூன்று பெட்டிஷன் போட்டோம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்குக் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. அந்தக் கடிதத்தையும் டவுனிலிருந்து சுமந்து வந்தது அவர்தான்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது... ஆமாம், எனக்குத்தான்.

குளுவாங் ஸ்டேஷனில் சிவப்புக் கொடி காட்டினால் ரயிலே நிற்கிறது, லாரி நிற்காதா என்று கேட்டேன். வீட்டில் என் மனைவியின் பழைய சிவப்புச் சேலை ஒன்று கிடந்தது. இரண்டு பேரும் போய் வளைவில் நிற்கிற பெரிய மரத்தில் அதைச் சுற்றிக் கட்டினோம்.

மரத்துக்குச் சிவப்புச் சேலை கட்டினால் நம் சனம் என்ன நினைக்கும்? இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லையே!

மூன்றாம் நாள் மரத்தடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. அடுத்த வாரம் ஒரு கல், மஞ்சள், குங்குமம், சூடம். அதற்கடுத்த வாரம் வளைவம்மன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

லாரிக்காரர்கள் இரண்டு நாள் மெதுவாகப் போனார்கள். பிறகு பழையபடிதான். சும்மா நடந்து கடந்துபோன சனம் இப்போது அங்கேயே நின்று கும்பிட ஆரம்பித்தது. புல் ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, நிற்க இடம் ரோடு மட்டும்தான்.

நான் ஒருநாள் சேலையை அவிழ்க்கப் போனேன். "அம்மன் சேலையையா உருவ வந்தீங்க கிராணி? கை விளங்காமப் போயிரும்!" என்று பெண்கள் கத்தினார்கள். முடிச்சை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கோழை.

அவர் அப்படி வரவில்லை. டவுனுக்குப் போகும்போதும் வரும்போதும் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் நகர்த்துவார். "ஓரமா நில்லுங்கம்மா... சாமி எங்கயும் ஓடாது, லாரிதான் ஓடிவரும்."

நேற்று வெள்ளிக்கிழமை. நல்ல கூட்டம். ஒரு பெண் சூடத் தட்டோடு நடுரோட்டில் நின்றிருக்கிறாள். லாரி திரும்பியதும் இவர் ஓடிப்போய் அவளைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

அவளுக்கு முழங்காலில் சிராய்ப்புதான்.

சேலை என் வீட்டுச் சேலை. யோசனை என் யோசனை. யார் ஆறுதல் சொல்லியும் நான் ஆற மாட்டேன், சொல்லவும் வராதீர்கள்.

இன்று காலை அங்கே போனேன். பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கல் நட்டு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். ஓரமாக அவர் சாய்த்து வைத்திருந்த சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி மரக்கிளையில் கட்டிவிட்டார்கள்.

ஒரு பெண் வந்து அந்த மணியை அடித்தாள். அதே சத்தம்... கண்ணை மூடிக்கொண்டு ரோட்டிலேயே நின்று கும்பிட்டாள்.

"ஓரமா நில்லும்மா" என்றேன்.

"அதான் மாணிக்கண்ணனும் இங்க வந்துட்டாரே, பாத்துக்குவாரு" என்றாள்.

இன்று நாலு மணிக்கு எடுக்கிறார்கள். சுடுகாட்டுக்கு அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். வருகிறவர்கள் ஓரமாக நடந்து வாருங்கள்.

போய் வாங்கண்ணே... மன்னிச்சிருங்க.