தொண்ணூற்றில் நூறு இல்லை

மனைவி போன் செய்தபோது செங்கல்பட்டுக் கிடங்கில் பிளாஸ்டிக் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். "டீச்சர் பூட்டாங்க" என்றாள். "எந்த டீச்சர்?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் டீச்சர் என்றால் கலாவதி டீச்சர் ஒருவர்தான். தெரிந்தும் கேட்டேன். காலையில் கோலம் போட்டு நிமிர்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம், மாரடைப்பு. போனை வைத்துவிட்டு மீதிச் சரக்கையும் இறக்கச் சொன்னேன். வாளிகளை நசுங்காமல் அடுக்குகிறார்களா என்று பார்த்தேன். ஒரு குடத்தின் விளிம்பு உடைந்திருந்தது. அதற்காக டிரைவரோடு சண்டையும் போட்டேன். அதற்குப் பிறகுதான் ஊருக்கு, சதுரங்கப்பட்டினத்துக்குப் புறப்பட்டேன்.

அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மடக்கி வைத்துப் படுத்த கை மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். சாவு வீட்டில், சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில் நின்றான். "நீங்க டீச்சருக்கு இன்னா ஒறவு சார்?" என்றான். "பஜார்ல பிளாஸ்டிக் கடை வெச்சிக்கீறேன்" என்றேன். கேள்விக்கு அது பதில் இல்லை. அவன் தலையாட்டிவிட்டு அழப் போய்விட்டான்.

டீச்சரை ஊரில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொறுமையின் உருவம் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். இருக்கலாம். நான் பார்த்தவர் கறாரான ஆள். வகுப்புக்கு டிபன் பாக்ஸ் வாங்க வந்தால், ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துத்தான் எடுப்பார். "ஒழுவுனா பையில கீற புஸ்தகம்தான் நனையும். உங்களுக்கு இன்னா, வித்துட்டீங்க" என்பார். கடையில் நிற்கிற மற்ற வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். அவர் போனபிறகு கடையைத் துடைக்கவேண்டும்.

என் மகள் மலர்விழி அவரிடம் மூன்றாம் வகுப்புப் படித்தாள். தொண்ணூற்று மூன்று எழுது என்றால் 103 என்று எழுதுவாள். தெருக்கோடி டியூஷனில் இதற்காக அவளை நிற்கவைத்தார்கள். பிள்ளைகள் பெயரே வைத்துவிட்டார்கள்: "ஏய், நூத்தி மூணு!" காலையானால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பையைத் தொடமாட்டேன் என்றாள். நான் வியாபாரி. ஒரு சரக்கு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிவிடுவேன். செங்கல்பட்டில் என் தங்கை வீட்டில் விட்டு, அங்கேயே இங்கிலீஷ் மீடியத்தில் போடுவது என்று முடிவுசெய்து சீட்டும் வாங்கிவிட்டேன். மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மலர் தன் துணிகளைத் தானே மடித்து வைத்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு டீச்சர் கடைக்கு வந்தார். மலர் வாளி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளை வெளியே கூப்பிட்டு, காலி அட்டைப்பெட்டியின்மேல் தொண்ணூற்று மூன்று எழுதச் சொன்னார். 103 என்றே எழுதினாள். டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை.

"எப்படிப் போட்ட கண்ணு? சொல்லு."

"நூத்தி மூணுன்னு காதுல கேட்டுச்சு டீச்சர். அதுக்கு முன்னால தொண்ணுன்னு இன்னாமோ சொன்னீங்க. அது தெர்ல. வுட்டுட்டேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. "கேட்டதைச் சரியாத்தான் எழுதிக்கீற. தப்பு உம்மேல இல்ல, அந்தப் பேருமேல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இருபது, முப்பதுன்னு எண்பது வரைக்கும் ஒழுங்கா வருதா? தொண்ணூறுல மட்டும் நூறு வந்து உக்காந்துகினு கீது. பத்தோட வூட்டுல நூறோட பேரு. தொள்ளாயிரத்துல ஆயிரம். புள்ள இன்னா பண்ணும்?"

"அதுக்குத்தான் டீச்சர், இங்கிலீஷ்ல நைன்ட்டி த்ரீன்னா நைன்ட்டி த்ரீ. கொழப்பமே கெடையாது."

"உங்க கடைக்கு வர்ற ஜனம் தொண்ணூறுன்னு கேக்குமா, நைன்ட்டின்னு கேக்குமா?"

"தொண்ணூறுன்னுதான் டீச்சர்."

"ஒரு சொல்லுக்குப் பயந்துகினு பெத்த பொண்ண வூட்ட வுட்டு அனுப்புவீங்களா அண்ணாத்த? இந்த மாசம் எனக்கு வுடுங்க. அப்புறம் உங்க இஷ்டம். அதோ, அந்த ஸ்டூல்ல மூணு எடுத்துப் போடுங்க. மூணும் வேற வேற கலரு."

ஸ்டூலில் கடைப் பெயர் எழுதித் தருகிறேன் என்றேன். "வாணாம். புள்ளைங்க எண்ணைப் பாக்கட்டும், உங்க கடைய இல்ல" என்றார்.

வகுப்பில் சிவப்பு ஸ்டூல் நூறு, நீலம் பத்து, வெள்ளை ஒன்று. மூன்று பிள்ளைகள் உட்காருவார்கள். டீச்சர் எண்ணைச் சொன்னால், யாருடைய இடமோ அவர்கள் எழுந்து அத்தனை விரலைக் காட்டவேண்டும். தொண்ணூறு என்றதும் சிவப்பு ஸ்டூல் பிள்ளை துள்ளி எழுந்துவிடும், தன் பெயர் காதில் விழுகிறதே. உடனே வகுப்பே கத்தும்: "உக்காரு! உன்ன யாரும் கூப்புடல!" மலர் மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளும் ஏமாந்தார்கள். அதைப் பார்த்தபிறகு மலருக்கு வயிற்றுவலி குறைந்தது. "பேரைப் பாக்காத, எடத்தைப் பாரு" என்பது அந்த வகுப்பில் தினமும் கேட்கும் பேச்சு. இப்போது பெரிய கம்பெனிப் பெயரோடு வரும் சரக்கையும் நான் வளைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

மாதக் கடைசியில் ஜன்னலோரம் போய் நின்றேன். சிவப்பு ஸ்டூலில் மலர். "தொண்ணூற்று மூன்று" என்றார் டீச்சர். பாதி எழுந்துவிட்டாள். சட்டென்று ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீல ஸ்டூலில் இருந்த பையன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். "டேய் சோம்பேறி, உன்னத்தான் கூப்புடுறாங்க! ஒம்போது வெரலைக் காட்றா!" என்று போட்டாள் ஒரு சத்தம். வகுப்பு சிரித்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் வந்தார்.

"இன்னா அண்ணாத்த, செங்கல்பட்டு கேன்சலா?"

"கேன்சல் டீச்சர்."

அவ்வளவுதான் பேசினோம். அவர் உள்ளே போய் அடுத்த எண்ணைச் சொன்னார்.

அவருடைய போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. மலர் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அன்று அனுப்பியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிபோல வந்து போயிருப்பாள். அவளுக்கு அம்மை போட்டது, சைக்கிளில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது, "உனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று என் முகத்துக்கு நேராகக் கத்தப் பழகியது, எல்லாம் என் வீட்டிலேயே நடந்தது. டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த வருடங்கள்தான். இன்று காலையிலும் அவளும் அவள் அம்மாவும் சீப்புக்காகச் சண்டை போட்டார்கள். கடை திறக்க நேரமாகியிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று, சண்டை முடியும்வரை கேட்டுவிட்டுப் போனேன்.