பெயிண்டின் எடை

தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். என் வீட்டுக்காரர் இருந்தபோது இரண்டு பேருமாகப் பார்த்த தொழில். அவர் போன பிறகும் நான் விடவில்லை. எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். தடுமாறாமல் எழுத வருவது எங்கள் படகின் பெயர் ஒன்றுதான். படகின் மூக்கில் பிரஷ் பிடித்து எழுதி எழுதிப் பழகிய கை.

தம்பி சிதம்பரத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டவன். ஒருநாள் குட்டியானை வண்டியில் ஒரு காரின் பானெட்டை மட்டும் போட்டுக்கொண்டு என் ஷெட் வாசலில் வந்து இறங்கினான்.

"என்னாடா, மூடியத் தூக்கிகினு வர்ற? காரு எங்க?"

"இரும்பு கனம்க்கா. இதே மாதிரி ஃபைபர்ல ஒண்ணு போட்டுக் குடு. பையன் ரேஸ் வுடப் போறான்."

பையன் என்கிறானே தவிர, அவன் மகனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. என்ன ரேஸ் என்று கேட்டேன். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமாம். பச்சை விளக்கு எரிந்ததும் நேராகப் பறக்க வேண்டியதுதானாம். வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் முடிந்துவிடுமாம்.

"எங்க திரும்புவீங்க?"

"திரும்பறதே இல்லக்கா. நேராத்தான்."

"திரும்பாத வண்டிக்கு எதுக்குடா ஸ்டியரிங்கு?"

சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே ஒத்துக்கொண்டேன்.

இரும்புப் பானெட்டின் மேல் மெழுகு தேய்த்து அச்சு எடுத்தேன். அச்சுக்குள் கண்ணாடிநார் மேட் விரித்து, ரெசின் பசை தடவி, காற்றுக் குமிழ் நிற்காமல் ரோலர் ஓட்டினேன். படகுக்குப் போடுகிற மாதிரி அடுக்கினால் கனத்துவிடும், மெலிதாகப் போட்டால் வேகத்தில் படபடக்கும். முதலில் போட்டது படபடத்தது, தூக்கி எறிந்தேன். இரண்டாவது ஒரு கையால் தூக்கும்படி வந்தது. அப்புறம் கதவு, அதற்கப்புறம் டிக்கி மூடி. அவன் பங்குக்குப் பின் சீட்டு, தரை விரிப்பு, ஸ்டெப்னி எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் வைத்தான். ஒவ்வொரு ஓட்டம் பார்த்த பிறகும் கீல் பக்கத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். பஸ் பிடித்து சிதம்பரம் போய் நானே தேய்த்து ஒட்டுவேன்.

கூலி வேண்டாம் என்றேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எங்கள் படகின் பெயரை பானெட்டில் நான் எழுதுவேன்.

"எழுதுக்கா. உன் வண்டிதானே" என்றான்.

அந்தப் படகு சுனாமியில் போனது. அலை வந்தபோது வீட்டுக்காரர் கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவரையும் படகையும் சேர்த்துத் தூக்கி உப்பனாற்றுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. கவிழ்ந்த படகின் விளிம்பை விடாமல் பிடித்து மிதந்து உயிரோடு வந்தார். படகு பிளந்துவிட்டது. அதற்குப் பிறகு பல வருஷம் இருந்து, காய்ச்சலில்தான் போனார். என் கணக்கில் அந்தப் படகு அவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன படகு.

நீலப் பெயிண்டில் பெயர் எழுதினேன். தம்பியின் மகன்கூட, "சூப்பரா கீது அத்தை" என்றான்.

பிறகு ஒருநாள் தம்பி வந்து, ஷெட்டில் சாக்கில் கிடந்த பழைய வலை ஈயக்குண்டுகளைக் கேட்டான். ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேலைக்கு வேண்டும் என்றான். வீட்டுக்காரர் தன் கையால் உருக்கி ஊற்றிய குண்டுகள். அடுத்தவன் வலையோடு கலக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் கட்டிங் பிளேயரால் ஒரு கடி வைத்திருப்பார். தம்பிக்கு இல்லாததா என்று கொடுத்தேன்.

அடுத்த வாரமே மறுபடி வந்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, கீரப்பாளையத்துல நெல்லு லாரி எடை போடற இடத்துல வண்டிய ஏத்திப் பாத்தோம். இன்னும் கனம் ஜாஸ்தி. இனிமே கழட்ட ஒண்ணுமில்ல. பெயிண்டுதான் பாக்கி."

"பெயிண்டு என்னாடா கனம்?"

"இந்த ரேஸுல கிராம் கிராமாப் பாக்கணும்க்கா."

நானும் ரெசினைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தவள்தானே, நம்பினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. நானே சிதம்பரம் போய், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் முக்கி, எழுத்து எழுத்தாகத் தேய்த்தேன். நீலத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. தம்பி டீ வாங்கிக் கொடுத்தான்.

ரேஸ் சென்னைக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய விமான ஓடுதளத்தில். என்னையும் கூட்டிப் போனான். ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொரு காரையும் ஓட்டுகிறவரோடு சேர்த்து எடை போட்டார்கள். எங்கள் வண்டி ஏறியது. எடை பார்த்தவர் ஓட்டுகிற சீட்டுக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த ஒரு பெட்டியைக் காட்டி, "இதுல என்ன?" என்றார்.

"வெயிட்டுங்க. வண்டி லேசாயிடுச்சு" என்றான் தம்பி மகன்.

திறந்து காட்டச் சொன்னார். பெட்டி நிறைய ஈயக்குண்டு. ஒவ்வொன்றிலும் பிளேயர் கடி.

அவன் அப்பா என்னிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பது தெரியாமல், தம்பி மகன் என்னிடமே பெருமையாகச் சொன்னான்: "குறைஞ்ச எடைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க அத்தை, அதுக்குக் கீழ போனா சேக்க மாட்டாங்க. கீரப்பாளையத்துல ஏத்தும்போதே குறைஞ்சிடுச்சு. அதான் அப்பா உங்ககிட்ட குண்டு வாங்கியாந்தாரு."

குண்டு வாங்கிய பிறகுதான் பெயிண்ட் கனம் என்று சொல்ல வந்தான் என் தம்பி. அவனைப் பார்த்தேன். அவன் பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடலுக்குப் போகிறவனிடம் கரையில் நின்று சண்டை போடக்கூடாது. ஓட்டப் போகிறவனிடமும் அப்படித்தான். வண்டி இரண்டு தரம் ஜெயித்து மூன்றாம் தரம் தோற்றது. பானெட் அசையவில்லை. அதையும் கவனித்தேன்.

லாரியில் வண்டியை ஏற்றிக் கட்டும்போது கேட்டேன்.

"ஏன்டா அழிக்கச் சொன்ன?"

கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னான். "சுனாமில போன படகு பேருக்கா. புள்ள உக்காந்து ஓட்டற வண்டி. வீட்ல பயப்படுதுங்க. ராசியில்லாத பேருன்னு உன் மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்றது?"

"அந்தப் படகு கொண்டாந்த மீனத் துன்னுதானடா வளர்ந்த? அப்ப ராசி இருந்துச்சா?"

கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான்.

"சொல்லியிருந்தா நாலு ஏச்சு ஏசியிருப்பேன். ஏசிட்டு வுட்ருப்பேன். என் கையாலயே தேய்க்க வச்சிட்டியே."

ஊர் வரும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மழைக்குப் பிறகு மறுபடி வந்தான். ஒர்க்‌ஷாப் சுவரில் இடித்துப் பானெட் மூலை பிளந்துவிட்டதாம், புதிதாக ஒன்று வேண்டுமாம். கூடவே நீலப் பெயிண்ட் டப்பா ஒன்றும் வாங்கி வந்திருந்தான். "பேரு எழுதிக்கக்கா, வீட்ல பேசிட்டேன்" என்றான்.

பானெட் போட்டுக் கொடுத்தேன். முன்னதைவிட நன்றாகவே வந்தது. வேலையில் பழி தீர்க்கிற வழக்கம் எனக்கில்லை. டப்பாவைத் திறக்கவில்லை.

"பேரு வேணாம். என் குண்ட மட்டும் கொண்டாந்து குடுத்துடு."

"அது இல்லாட்டி வண்டி எடைக்கு வராதேக்கா. வேற என்னாத்த வைக்கறது?"

டப்பாவை அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"இத அடிச்சுக்க. பெயிண்டுதான் உனுக்குக் கனமாச்சே."