ஜன்னல் மூடிய வீட்டில் பவளம்

தகவல் கேட்டு மனு கொடுத்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இது யாருடைய கருணையும் அல்ல, சட்டம். அரசு மேசையிலேயே தலை நரைத்தவன் என்பதால், அந்த முப்பது நாளில் இருபத்தொன்பது நாள் கோப்பு எங்கே தூங்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் கேட்டது சிறிய விஷயம். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு மேற்கேயும் வடக்கேயும் இருக்கும் ஆலைகள் எந்தெந்த நேரத்தில் புகை விடுகின்றன? எனக்காகக் கேட்கவில்லை. ஒரு பவளத்துக்காகக் கேட்டேன்.

மகள் வெளிநாடு போகும்போது முன்னறையில் விட்டுப்போன உப்புநீர்த் தொட்டியில், விரல்விரலாகக் கிளைத்த பவளம் அது. நம் கடலில் எடுத்ததல்ல, எடுத்தால் குற்றம். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து அனுமதித் தாள்களோடு வந்தது. தாள்களைச் சரிபார்த்த பிறகே வீட்டுக்குள் விட்டேன். மனைவி காலமான பிறகு, எழுந்ததும் நான் போய்ப் பார்க்க அந்த வீட்டில் இருந்த உயிர் அது ஒன்றுதான்.

மாதம் ஒரு படம் மகளுக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதமாக ஒரே படத்தை அனுப்பியது போலத்தான் இருந்தது.

"ஆடி வரைக்கும் பாக்கறேன்பா. அப்பவும் வளரலேன்னா அடையாறுல என் ஃப்ரெண்டுகிட்ட குடுத்துடலாம். அங்க நல்லா வளரும்," என்றாள்.

அடையாற்றில் எல்லாமே நன்றாக வளரும் என்பது ஊரின் அந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை.

கொளத்தூரில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் போனேன். எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து. "கால்சியம் ஊத்துங்க சார்." அடுத்த முறை போனேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சார்." தண்ணீரை அளந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன். பவளம் எலும்பு கட்டத் தேவையான கால்சியமும் காரத்தன்மையும் மெக்னீசியமும் சரியாக இருந்தன. எலும்பைக் கெடுக்கும் பாஸ்பேட் மிகக் குறைவு. பிஹெச் மட்டும் இறங்கியிருந்தது. அதை ஏற்றவும் அவரிடம் ஒரு புட்டி இருந்தது.

புட்டியை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் காற்றுக் குமிழி விட்டு மறுபடி அளந்தேன். பிஹெச் தானாக ஏறியிருந்தது. கோளாறு தண்ணீரில் இல்லை, அறையில். நானும் என் அடுப்பும் விட்ட கரியமில வாயு வெளியே போக வழியில்லாமல் தண்ணீரில் கரைந்து பிஹெச்சை இறக்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் பவளம் எலும்பு கட்டத் திணறும்.

எங்கள் தெருவில் ஜன்னல் என்பது மூடுவதற்காக வைக்கும் பொருள். திறந்தால் தரையில் சாம்பல், மூக்கில் வாயு. நான் இடுக்குகளில் டேப்கூட ஒட்டியிருந்தேன். புகை வரும் நேரம் தெரிந்தால் மற்ற நேரத்தில் திறக்கலாம். அதற்குத்தான் மாசியில் அந்த மனு.

முப்பது நாள் போயிற்று. மேல்முறையீடு செய்தேன். அதற்கும் கெடு உண்டு, அதுவும் போயிற்று.

அப்போதுதான் கீழ்வீட்டு மீன்காரம்மா வஞ்சிரம் கொடுக்க மேலே வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். கூடையில் மீனோடு வந்தவர்!

"இன்னா சார், வூட்டுக்குள்ள காத்தே இல்ல? பேஜாரா கீது."

"புகை வருதேம்மா. எப்ப எப்ப வரும்னு கேட்டு மனு போட்டிருக்கேன்."

"காத்துக்கு மனு போட்ட மொத ஆளு நீதான் சார்! மத்தியானத்துக்கு மேல கடக்காத்து. கடலுக்குள்ள இன்னா கம்பெனியா கட்டிக்கீறான்? ஜன்னலத் தொற. ராவுக்குக் கரைக்காத்து திரும்பும், மூடு. எங்கூட்டு ஆளு இத்தப் பாத்துத்தான் கடலுக்கு போட் எட்துகினு போறாரு. இம்மாம் படிச்சுகினு இது தெர்லியா?"

தெரியவில்லை. கடலுக்கு இருநூறடியில் வாழ்நாளைக் கழித்தும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை ஓர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டவன் நான். கடைக்காரரைப் பழித்ததில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு டேப்பைக் கிழித்தேன்.

தினமும் பிற்பகலில் கிழக்கு ஜன்னல்கள் திறந்தன. பிஹெச் மெல்ல ஏறி நின்றது. ஆனி பிறந்தபோது கிளை நுனிகள் ஒவ்வொன்றிலும் பற்பொடி வெள்ளையில் ஒரு பொட்டு: புதிய எலும்பு. படம் அனுப்பினேன்.

"அடையாறு வேணாம்பா," என்றாள் மகள். "உங்ககிட்டயே இருக்கட்டும்."

பிறகு ஒரு நாள், பதிவுத் தபாலில் ஒரே வரி வந்தது: தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கி, திறந்த ஜன்னலருகே நின்று படித்தேன். அன்று ஆடி பதினெட்டு.